ஒன்பதாவது பதில்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இன்றைக்கு அதற்கெல்லாம் மனசில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எட்டு நாளாக உன் நம்பருக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் மட்டும் உடனே பதில் வருகிறது: "பாத்துக்குறேன்க்கா." மறுபடி போட்டால், "ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்க்கா." எட்டு நாளில் நாலு தடவை உன் ரெண்டு நாள் வந்து போய்விட்டது. கடையின் மெயிலும் நீ செய்து கொடுத்த வெப்சைட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதில் எழுதவும் பயமாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய முதல் ரசீதைத் தேடி எடுத்தேன். அதில் உன் வீட்டு முகவரி இருந்தது. அதனால்தான் பதிவுத் தபால்.

நடந்தது இதுதான். நம் சைட்டில் விக்குக்கு அளவு அனுப்பும் பக்கம் ஒன்று இருக்கிறதே, கடைக்கு நேரில் வரக் கூச்சப்படுகிற பெண்கள் முன்னால், பின்னால், இரண்டு காதோரம் என நாலு படம் எடுத்து அதில்தான் போடுவார்கள். சிகிச்சையில் முடி கொட்டிப்போன தலை. ஒரு துணிகூடச் சுற்றாமல் எடுத்த படங்கள். அவை வெளியே வந்துவிட்டன. கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் விக் படங்களுக்கு நடுவே அவையும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் அவரவர் பெயர். நாற்பத்து மூன்று பேர். நானே உட்கார்ந்து எண்ணினேன்.

எனக்கு இது அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவரான பாட்டு டீச்சர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு உடம்பு சரியில்லை என்பது அவர் கணவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. மகளுக்கு இது கடைசி வருஷப் பரீட்சை, அது முடியட்டும் என்று அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். அவரிடம் பாட்டுப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, யாருக்கோ விக் வேண்டும் என்று தேடியிருக்கிறார். நல்ல மனசோடுதான் போன் செய்திருக்கிறார்: "டீச்சர், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! இப்ப உடம்பு எப்படி இருக்கு?" அன்று சாயங்காலமே மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாளாம், "எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியக்கூடாதாம்மா?"

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைக்குள்ளே வராமல் வாசலில் நின்று, "உங்களத் தவிர யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரி உனக்கு மறந்திருக்காது. போனில் நான் சொல்லச் சொல்ல நீ அடித்தது. 'இந்தப் படங்களை விக் செய்யும் என்னைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.' அடித்து முடித்ததும் நான் கேட்டேன், "தம்பி, இது நிஜம்தானே? பூட்டு இருக்குல்ல?" நீ சொன்னாய், "இருக்குக்கா. சாவி உங்ககிட்டயும் எங்கிட்டயும் மட்டும்தான்." எனக்கு அந்தப் பூட்டைப் பற்றி என்ன தெரியும்? கொக்கி ஊசியில் ஒவ்வொரு முடியாக எடுத்து வலைத் தொப்பியில் முடிச்சுப் போடத் தெரியும், அவ்வளவுதான். நீ இருக்கிறாய் என்று இருந்துவிட்டேன்.

டீச்சரின் விக் தயாராகி மரத் தலையில் மாட்டியபடியே இருக்கிறது. வாங்க வரவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், எப்படி நடந்தது என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது? படங்களை உடனே எடு. எப்படி நடந்தது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அந்தப் பதில் இல்லாமல் ஒருவர் முகத்திலும் என்னால் விழிக்க முடியாது.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதம் கேட்டபோது நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய்.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மாதான் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். முழங்கால் அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, இப்போது கைத்தடியோடு நடக்கிறார். "யாருடா இந்தக் காலத்துல உனக்கு லெட்டர் போடுறது?" என்று கிண்டல் வேறு.

படித்ததும் முதல் வேலையாக சைட்டையே மூடிவிட்டேன். இப்போது யார் தேடி வந்தாலும் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்றுதான் வரும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சுருக்கமாகச் சொல்வது கஷ்டம். வெப்சைட் என்பது ஒரே நாளில் கட்டிவிட்டு மறந்துவிடுகிற காரியம் இல்லை. அதன் உள்ளே பல துண்டுகள் இருக்கும், அவை அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். எங்கேயாவது ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கலாம். வெளியாள் யாராவது அதன் வழியாக உள்ளே வந்திருக்கலாம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கே இப்படி நடக்கிறது அக்கா, பேப்பரில் படித்திருப்பீர்கள். நம்முடையது சின்னக் கடைதானே. முழுதாகப் பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

பழைய நம்பரில் கொஞ்ச நாளாகக் கோளாறு. கீழே புது நம்பர் கொடுத்திருக்கிறேன், இதில் கூப்பிடுங்கள். பழைய நம்பருக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.

பாட்டு டீச்சரிடம் என் சார்பில் மன்னிப்புச் சொல்லுங்கள். அந்த அம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

மாமாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாடல் கிடைக்கவில்லை என்று அவரே பெண்கள் விக்கை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாரே, "மாப்ள, என் மீசை தெரியாம வெட்டிப்புடு" என்று போனில் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. புது சைட் போடும்போதும் அவர்தான் மாடல், இப்போதே சொல்லி வையுங்கள்.

என்றும் உங்கள்
தம்பி

*

மார்ச் 14

தம்பி,

மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். நான் யாரிடம் போய்ச் சொல்வது?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். வேறு யாருக்கோ எழுதியதை உறை மாற்றிப் போட்டுவிட்டாயோ என்றுகூடத் தோன்றியது. மீசைக் கதையைப் பார்த்ததும் அந்தச் சந்தேகமும் போய்விட்டது. எழுதியவன் நீதான்.

மாமா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. போன ஏப்ரல் ஒன்பதாம் தேதி. காலையில் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் கூடப்பிறந்தவர்களுக்குச் சொன்ன கையோடு உனக்கும் மெசேஜ் போட்டேன், ஏனென்றால் அவர் உன்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். நாலு நிமிஷத்தில் உன்னிடமிருந்து பதில் வந்தது. அது எனக்கு மனப்பாடம்: "மனசு கேக்கலக்கா. என்ன சொல்றதுன்னே தெரியல. வேளாவேளைக்கு சாப்பிடுங்க. நான் இருக்கேன்."

வந்து போன கூட்டத்தில் ஒருத்தர்கூட என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நீ சொன்னாய். அதற்காகவே அன்று எழுந்து போய்ச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் போனை எடுத்து அந்த நாலு வரியைப் படிப்பேன். கண்ணே பார்க்காத ஒரு தம்பி எங்கேயோ இருக்கிறான் என்று ஒரு தெம்பு.

அது போகட்டும் என்று விட முடியுமா? உன் அம்மாவுக்கு அறுவை முடிந்து ஐந்து மாதம் என்கிறாய். இந்த ஐந்து மாதத்தில் நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "அம்மா நல்லா இருக்காங்கக்கா, நீங்க கேட்டதா சொல்றேன்." அறுவை என்று ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் கேள். நீ சைட்டை மூடிவிட்டதாக எழுதிய பிறகும் படங்கள் அப்படியே இருந்தன. தெருக்கோடியில் ஜெராக்ஸ், பிரிண்ட் எல்லாம் போடுகிற கடைக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் காட்டினேன். அவள் பத்து நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவரு முன்வாசலத்தான் சாத்தியிருக்காரு. பின்பக்கம் மொத்த சைட்டுக்கும் ஒரு நகல் எடுத்துத் திறந்துபோட்டு வெச்சிருக்காங்க. ஒரு பூட்டும் இல்ல. எந்தத் திருடனும் வரல, போற வர்றவங்க எல்லாம் எட்டிப் பாக்கலாம்" என்றாள். நீ கொடுத்த புது நம்பருக்கு அவள்தான் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன், போனைக் கையில் வாங்கவில்லை. வாங்கினால் நீ 'அக்கா' என்பாய், நான் கரைந்துவிடுவேன். அவள் நகலைப் பற்றிச் சொன்னதும் நீ, "அப்படி ஒரு நகலா? எங்க இருக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவள் வழி சொல்லித்தான் நீ போய் அழித்தாய். நீ கட்டிய வீட்டில் ஒரு அறை இருப்பதை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்கிறாய்.

படங்கள் இப்போது இல்லை. தேடினால் வருவதும் சில நாளில் நின்றுவிடும் என்கிறாள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்பத்து மூன்று பேரிடம் நான் போக வேண்டும். ஓட்டை விழுந்தது, வெளியாள் வந்தான் என்று கதை சொல்ல என்னால் ஆகாது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. இத்தனை நாளும் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

போனில் சொல்லாதே. எழுது.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

இதற்கு முன் நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். மாமா இல்லை என்பதை உங்கள் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "பதினோரு மாசமா அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லிட்டதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். போன வருஷம் ஜனவரியில் எனக்கு ஒரு ஆபீஸில் நிரந்தர வேலை கிடைத்தது. வெளிவேலை எதுவும் செய்யக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அப்போது என்னிடம் பதினேழு சைட்கள் இருந்தன, உங்களுடையதும் சேர்த்து. எல்லாரையும் கூப்பிட்டு, இனி நான் பார்க்க முடியாது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதாமாதம் வரும் பணத்தை விட மனசில்லை, அது ஒரு காரணம். உங்களைப் போன்ற சிலரிடம் 'நான் இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை, அது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள்.

என்னோடு சில வேலைகள் செய்த ஒரு கூட்டாளி இருந்தான். பதினேழையும் அவனிடம் கொடுத்தேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். என் பழைய நம்பரையும் சிம்மோடு அவனிடமே கொடுத்துவிட்டேன், ஆள் மாறியது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. போன் வந்தால் எடுக்காதே, மெசேஜில் மட்டும் பதில் போடு என்றும் சொல்லி வைத்தேன். சாவி உங்களிடமும் என்னிடமும் மட்டும்தான் என்று நான் சொன்னது அன்றோடு பொய்யாகிவிட்டது.

அவன் ஏதோ மாற்றம் செய்வதற்கு முன்னால் பாதுகாப்புக்கு என்று சைட்டை முழுசாக ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறான். வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டான். அந்த நகலுக்குப் பூட்டே போடவில்லை. தேடல் எந்திரம் அதை மேய்ந்துகொண்டு போயிருக்கிறது. கேட்டதற்கு, "பேக்கப்தானே எடுத்தேன், அது என்ன தப்பா?" என்கிறான். நானும் ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மறந்தது அவன் என்றாலும் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். ஆகவே பழியும் என்னுடையதுதான். டீச்சரிடம் இதை அப்படியே சொல்லலாம். என் பெயரையும் சொல்லலாம்.

சைட்டின் பெயரே என் பெயரில்தான் பதிவாகி இருக்கிறது. இதையும் நான் உங்களிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அது சுலபமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிப் போட்டுவிட்டேன். பிரிண்ட் கடைக்கார அம்மாவிடம் எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வாங்கிய உடனே நீங்களே மாற்றிவிடுங்கள். எனக்கும் தெரியாதபடி மாற்றுங்கள்.

மாமாவுக்காக இப்போது அழுகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 24

ஐயா,

கடிதம் கிடைத்தது. விவரங்களுக்கு நன்றி.

உங்கள் கூட்டாளியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். வேலையில் அவர் அசடாக இருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் போன அன்று நாலு நிமிஷத்தில் அப்படி எழுதத் தெரிந்தவர் கெட்டவராக இருக்க முடியாது. என்னைப் பார்த்ததில்லை, என் குரலைக் கேட்டதில்லை, மாமா யார் என்றே தெரியாது, இருந்தும் சாப்பிடச் சொன்னார். உங்களுக்குத் தெரியாத துக்கம் அவருக்காவது தெரிந்திருந்தது.

அவர் முகவரி வேண்டும். நகலைப் பற்றித் திட்டுவதற்கு இல்லை. அந்த நாலு வரிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
டோப்பாக் கடைக்காரி

*

மார்ச் 31

அக்கா,

நீங்கள் 'ஐயா' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியதைவிடக் கீழே போட்டிருந்த கையெழுத்துதான் சுருக்கென்று தைத்தது. முதல் நாள் நான் "டோப்பா கடைங்களா?" என்று கேட்டதற்கு நீங்கள் கொடுத்த டோஸ் ஞாபகம் இருக்கிறது. அந்த வார்த்தையை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டேன்.

முகவரி கேட்டீர்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்கள் அவனுக்கு நன்றி எழுதுவீர்கள், அவனுக்கு ஒன்றும் விளங்காது, அதோடு முடிந்திருக்கும். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "இன்னும் எத்தனைய மறைக்கப் போற?" என்றார்.

அந்த நாலு வரியை அவன் எழுதவில்லை. எழுதியது நான். மாமா போன அன்று எழுதியதும் இல்லை, அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே எழுதியது. நம்பரை அவனிடம் கொடுத்தபோது, பேச்சு மாறினால் ஆள் மாறியது தெரிந்துவிடும் என்று பயந்து, நான் எப்படிப் பதில் போடுவேன் என்று வரிசையாக எழுதி ஒரு தாள் கொடுத்தேன். வேலை சொன்னால் இது, அவசரப்படுத்தினால் இது, வீட்டு விஷயம் கேட்டால் இது, துக்கச் செய்தி வந்தால் இது. நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது அதில் ஒன்பதாவது. அவன் அதை எடுத்துப் போட்டிருக்கிறான். யாருக்கு, எதற்கு என்று அவனுக்கு ஞாபகமே இல்லை. கேட்டுப் பார்த்தேன்.

அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இனி உங்களுக்குத் தெரியாத தாள் ஒன்றும் என்னிடம் இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். அதை எழுதும்போது நான் பொய்யாக எழுதவில்லை. எனக்கு மிகவும் வேண்டியவர்கள் யாராவது துக்கம் சொன்னால் என்ன சொல்வேன் என்று யோசித்துத்தான் எழுதினேன்.

நீங்கள் சரி என்றால் புது சைட்டை நானே, என் கையால், ஒரு பைசா வாங்காமல் செய்து தருகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 18

தம்பிக்கு,

கோபத்தில் 'ஐயா' போட்டேன். அது எனக்கே ஒட்டவில்லை, அதனால் பழையபடி எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளைப் படித்தேன். மொத்தம் பன்னிரண்டு பதில். ஒன்று, 'பாத்துக்குறேன்க்கா.' இரண்டு, 'ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்க்கா.' ஆறாவது, 'அம்மா நல்லா இருக்காங்கக்கா, நீங்க கேட்டதா சொல்றேன்.' எல்லாம் எனக்குத் தெரிந்த பதில்கள்தான், பழைய சிநேகிதர்களைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது. தாளின் அடியில் சின்ன எழுத்தில் நீ ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்: "அக்கா என்று உள்ள இடத்தில் ஆளைப் பொறுத்து சார், மேடம், அண்ணா என மாற்றிக்கொள்ளவும்."

படங்கள் வெளியே வந்ததுகூட ஒரு மறதியில் நடந்தது. இந்தக் குறிப்பை நீ நன்றாக யோசித்து எழுதியிருக்கிறாய். பதினான்கு மாதமாக நீ என்னை அக்கா என்று கூப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆள் மாற்றி நிரப்புகிற காலி இடம் என்று இப்போதுதான் தெரிகிறது. இதைப் படித்த அன்று நான் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை.

ஒன்பதாவது பதிலை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதனால்தான் தாங்கவில்லை.

ஏப்ரல் ஒன்பது வந்து போனது. மாமா போய் ஒரு வருஷம். அன்று கடையைப் பூட்டிவிட்டு, டீச்சர் தவிர மற்றவர்களுடைய முகவரிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்தொரு பேரை நேரில் பார்த்துவிட்டேன். தூரத்தில் இருக்கும் ஏழு பேரிடம் போனில் பேசினேன். நாலு பேர் இப்போது இல்லை. அந்த நாலு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து சொன்னேன். ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வீட்டில் சொன்னதை அடுத்த வீட்டில் அப்படியே சொல்லிவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வாசல்படி ஏறும் வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. திக்கித் திணறினேன். இரண்டு பேர் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி போலீசுக்குப் போகப் போவதாகச் சொன்னாள், தாராளமாகப் போ, நானும் வருகிறேன் என்றேன். உன் கடிதங்களைக் கேட்டால் கொடுப்பேன், அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டில் அவள் கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் படம் உங்ககிட்ட இருந்தா குடுங்கம்மா. முடி போனப்புறம் அவ எங்களப் படம் எடுக்கவே விடல. கடைசியா எப்படி இருந்தான்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார். "அழிச்சாச்சுங்க" என்றேன். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை தம்பி. இதற்கெல்லாம் உன் தாளில் எண் இருக்கிறதா?

உன்னைப் பற்றி மட்டுமே எழுதினால் அது யோக்கியம் இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொன்னது நான். பூட்டை நான் ஒரு நாளும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, எல்லாம் நீதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்தேன். நீ எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்திருக்கிறேன். சைட்டின் பெயர் இப்போது என் பெயரில் இருக்கிறது. சாவியை நானே மாற்றினேன், பிரிண்ட் கடைக்காரி பக்கத்தில் நின்று திரும்பிக்கொண்டாள். அரை மணி நேர வேலை. இதற்குத்தான் மூன்று வருஷம் பயந்து கிடந்தேன்.

நேற்று டீச்சர் வந்தார். அவராகத்தான் வந்தார். வாசலில் நின்றபடியே, "படமெல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"நான் தேடுற வரைக்கும் எங்கயும் இல்ல. யாராவது எடுத்து வெச்சிருக்காங்களான்னு எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது."

செருப்பை வாசலில் கழற்றிவிட்டார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விக்கை வைத்துப் பார்த்து, காதோரம் சரி செய்தேன். அழகாகப் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, அவருடைய தலை அளவு குறித்த அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். அதை நாலாகக் கிழித்துத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார். "அடுத்த தடவ வேணும்னா மறுபடி எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்று அவர் வாயால் வந்ததே எனக்குப் போதும். மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்க நினைத்தேன், கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

புது சைட் வேண்டாம். அளவு நேரில் மட்டும் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. நீ உண்மையாகவே எழுதினாலும், இது எத்தனையாவது பதில் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது நீ.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். இதை எழுதியது நான்தான்.

அக்கா